நித்திரை என்னும் ஈவும் தூக்க மாத்திரையும்

(குடியாத்தத்தில் நடைபெற்ற ஆதரவாளர் குடும்பக் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. வரமுடியாத அன்பர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



இந்த ஆண்டு எந்தப் பொருளைக் குறித்துப் பேசலாம் என்று யோசித்தபோது, நீங்கள் எங்களுக்கு எழுதிய கடிதங்களையே எடுத்துப் புரட்டினோம். அவற்றில் மூன்று கடிதங்கள் ஒரே காரியத்தைப் பற்றியவை.

ஒரு மகள் வெளிநாட்டிலிருந்து எழுதுகிறார்: "ஊரில் அம்மாவுக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. இங்கே புதிதாக ஒரு தூக்க மாத்திரை வந்திருக்கிறது. பழைய மாத்திரைகளைப் போலப் பழக்கம் பிடிக்காதாம். வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்பலாமா?" சென்னையிலிருந்து ஒரு மகன் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார்: "எங்கள் அப்பா பல வருஷமாகச் சாப்பிட்டுவரும் தூக்க மாத்திரையை உங்கள் டாக்டர் குறைத்துக்கொண்டே வருகிறார். வயதான காலத்தில் நிம்மதியாகத் தூங்கிவிட்டுப் போகட்டுமே!" மூன்றாவது கடிதம் ஒரே வரி: "விசுவாசி தூக்க மாத்திரை சாப்பிடலாமா?"

இந்த மூன்று கடிதங்களுக்கும் பதிலாகவே இந்த உரை. நாங்கள் படித்தது வேதசாஸ்திரம். மருந்துகளைப் பற்றி இங்கே சொல்லுகிறவற்றை நமது மருத்துவர்களிடம் கேட்டறிந்து சொல்லுகிறோம். உங்களில் யாரும் இந்த உரையை வைத்துக்கொண்டு ஒரு மாத்திரையைத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

நம் ஊரின் இரவு

குடியாத்தத்தில் தூக்கம் கெடுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கைலி நெய்கிற தறிக்காரருக்கு இடுப்பு வலி. பீடி சுற்றுகிற தாய்மாருக்குக் கழுத்து வலி. பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்பிள்ளைகள் விடியுமுன்னே எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்த மொட்டைமாடி நள்ளிரவு வரையிலும் அனலாகவே இருக்கும். குழுக்கடன் தவணைக்கு முந்தின இரவில் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்பதை அந்தந்தத் தெருக்காரர் அறிவார்கள்.

வார்டில் இரவு ஜெபத்துக்குப் போனால், "ஐயரே, சிஸ்டர்கிட்ட சொல்லி ஒரு தூக்க மாத்திரை போடச் சொல்லுங்க" என்று கேட்காத நாள் இல்லை. இப்படிக் கேட்கிறவர்களை நாங்கள் ஒருபோதும் இலேசாக எண்ணுவதில்லை. தூங்காத மனுஷனுடைய இரவு மிகவும் நீண்டது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் அது தெரியாது.

ஆனால் தூக்கமின்மை என்பது பெரும்பாலும் வேறொன்றின் அடையாளம். சர்க்கரை ஏறியிருந்தால் இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டும். நீர் பிரியக் கொடுக்கும் பி.பி. மாத்திரையைக் காலையில் சாப்பிடாமல் இரவில் சாப்பிட்டாலும் அப்படியே. மூட்டுவலி, ஆஸ்துமா, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, குடிப்பழக்கம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் வியாதி ஆகிய இவை ஒவ்வொன்றும் தூக்கத்தைக் கெடுக்கும். காரணத்தைத் தேடாமல் மாத்திரையை மட்டும் கொடுத்தால், கூரை ஒழுகுகிற வீட்டில் பாத்திரத்தை வைத்துவிட்டுப் படுப்பதைப் போலாகும். ஓர் இரவுக்கு அது சரி. மழைக்காலம் முழுவதற்கும் ஆகாது.

ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு புது மாத்திரை

முதல் கடிதத்துக்கு வருவோம். "புதிது, பழக்கம் பிடிக்காது" என்று அந்த மகள் கேள்விப்பட்டிருக்கிறார். இந்த வார்த்தை நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் வார்த்தை என்பதை நாம் முதலாவது அறிந்துகொள்ள வேண்டும்.

1903-ல் ஜெர்மனியில் பார்பிட்டால் என்ற தூக்க மருந்து அறிமுகமானது. வெரோனால் என்ற பெயரில் உலகமெங்கும் விற்றது. அதன் வகையைச் சேர்ந்த ஃபினோபார்பிட்டால் 1912-ல் வந்தது. அது இன்றும் வலிப்பு நோய்க்குப் பயன்படுகிற நல்ல மருந்து. ஆனால் தூக்கத்துக்கென்று எடுத்தபோது, தூங்க வைக்கிற அளவுக்கும் மூச்சை நிறுத்துகிற அளவுக்கும் இடையே வெகு சிறிய இடைவெளியே இருந்தது. பழக்கமும் பிடித்தது. அநேகர் உயிரிழந்தார்கள்.

ஆகையால் பாதுகாப்பான ஒன்றைத் தேடினார்கள். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டாலும் உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் கொடுத்தார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஏற்றது என்று விளம்பரம் செய்தார்கள். 1961 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றபோது காலம் கடந்துவிட்டிருந்தது. கை கால் வளராமல் பிறந்த குழந்தைகள் உலகமெங்கும் 10,000-க்கு மேல். அமெரிக்காவில் அந்த மாத்திரை விற்பனைக்கு வரவில்லை. அங்கே உணவு மருந்து நிர்வாகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த டாக்டர் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண்மணி, கம்பெனி எத்தனை முறை நெருக்கினாலும், "இந்தச் சான்று போதாது" என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அந்த ஒரு பெண்மணியின் பிடிவாதத்தால் எத்தனையோ பிள்ளைகள் கையோடும் காலோடும் பிறந்தார்கள். 1962-ல் அந்நாட்டு அதிபர் கென்னடி அவருக்கு விருது அளித்துக் கௌரவித்தார்.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. அது நம் பகுதி ஜனங்களுக்கு நெருக்கமானது. 1955-ல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழும்பியதையும், 1960-களில் நம் குடியாத்தம் தாலுகாவே அதன் தொழுநோய்க் கட்டுப்பாட்டுப் பணிக்குக் களமாயிருந்ததையும் நம்மில் மூத்தவர்கள் அறிவீர்கள். ஊர் ஊராக வந்து தோலைப் பரிசோதித்துப் பார்த்த அந்த ஊழியர்களை இன்னும் நினைவில் வைத்திருப்பவர்கள் நம் சபைகளில் உண்டு. தொழுநோயாளிகளில் சிலருக்கு எதிர்விளைவு என்ற ஒரு நிலை வரும். காய்ச்சல், வேதனையுள்ள சிவந்த கட்டிகள், நரம்புகளில் தாங்கமுடியாத வலி. 1964-ல் எருசலேமில் டாக்டர் ஜேக்கப் ஷெஸ்கின் என்பவர், அப்படி வேதனையில் தூங்கமுடியாமல் துடித்த ஒரு நோயாளிக்கு, தூங்கவாவது செய்யட்டும் என்று கைவசம் இருந்த தாலிடோமைடைக் கொடுத்தார். நோயாளி தூங்கினார். அதோடு நிற்கவில்லை, வலியும் கட்டிகளும் சில நாட்களில் அடங்கிப்போயின. பிறகு நடந்த ஆய்வுகளும் அதை உறுதி செய்தன. 1998-ல், கர்ப்பம் தரிக்கக் கூடாது என்ற மிகக் கடுமையான கட்டுப்பாடுகளோடு, தொழுநோய் எதிர்விளைவுக்கென்று அமெரிக்காவிலேயே அதற்கு அனுமதி கிடைத்தது.

அன்பானவர்களே, மாத்திரை ஒன்றுதான். கர்ப்பவதிக்கு அது நாசம். எதிர்விளைவில் வாடும் நோயாளிக்கு அது மீட்பு. ஆகவே "இந்த மாத்திரை நல்லதா கெட்டதா?" என்று கேட்பதில் பயனில்லை. யாருக்கு, எதற்காக, எத்தனை நாளுக்கு, யாருடைய மேற்பார்வையில் என்று கேட்க வேண்டும்.

நம் காலத்து மாத்திரைகள்

தாலிடோமைடுக்கு அடுத்தபடியாக வந்தவை டயாசிபாம், நைட்ரசிபாம், பிற்பாடு அல்பிரசோலாம் முதலானவை. இவற்றின் முதல் மருந்து 1960-லும், டயாசிபாம் 1963-லும் வெளிவந்தன. பழைய பார்பிட்டால் வகையைவிட இவை பாதுகாப்பானவை என்பது உண்மை. ஆனால் பழக்கம் பிடிக்காது என்று சொல்லப்பட்டது உண்மையல்ல என்று தெரிய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. 1988-ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்களை எச்சரித்தது.

பிறகு சோல்பிடெம் வந்தது. அமெரிக்காவில் 1992-ல் அனுமதி பெற்றது. சீக்கிரம் தூங்க வைக்கும், சீக்கிரம் உடலை விட்டு நீங்கும் என்று வரவேற்றார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2013-ல், பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கும்படி உணவு மருந்து நிர்வாகம் சொல்லிற்று. பெண்களின் உடலில் அது மெதுவாக நீங்குவதால், காலையில் வண்டி ஓட்டும் வேளையிலும் மயக்கம் இருக்கக்கூடும் என்று அப்போதுதான் தெளிந்தது. 2019-ல் இன்னொரு கடும் எச்சரிக்கை. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, அடுப்பு மூட்டுவது, வண்டி ஓட்டுவது என்பவை அரிதாக நேர்கின்றன. அதனால் படுகாயமும் மரணமும் நேர்ந்த 66 நிகழ்ச்சிகளைக் கண்டிருக்கிறோம் என்றார்கள்.

இப்போது அந்த மகள் கேட்கிற மாத்திரை. நம்மை விழித்திருக்கச் செய்யும் ஓரெக்சின் என்ற பொருள் மூளையில் சுரக்கிறது என்பது 1998-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தடுக்கிற மருந்துகளே புதிய வகை. சுவோரெக்சான்ட் 2014-லும், லெம்போரெக்சான்ட் 2019-லும், டாரிடோரெக்சான்ட் 2022-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பழைய மாத்திரைகள் ஓடுகிற வண்டிக்கு பிரேக் போடுகிறவை என்றால், இவை ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறவை என்று நமது டாக்டர் ஒருவர் எங்களுக்கு விளக்கினார்.

இவற்றில் மெய்யான நன்மை உண்டு. இதுவரை நடந்த ஆய்வுகளில், இவற்றை நிறுத்தும்போது பழைய மருந்துகளைப் போன்ற பெருந்தொல்லை காணப்படவில்லை. ஆயினும் மறுநாள் தூக்கக் கலக்கம் உண்டு. உடல் அசையாமல் மனம் மட்டும் விழித்துக்கொண்டு திகிலடையும் நிலை சிலருக்கு வருகிறது. விழிப்பதற்கு இன்னும் ஏழு மணி நேரம் இல்லாவிட்டால் சாப்பிடக் கூடாது. சுவோரெக்சான்டுக்கு அதிக அளவில் அனுமதி கேட்டபோது, மறுநாள் மயக்கத்தைக் காரணம் காட்டி, உச்ச அளவை 20 மில்லிகிராமோடு நிறுத்திவிட்டார்கள். பழக்கமே பிடிக்காத மருந்தாக அமெரிக்க அரசும் இவற்றைக் கருதவில்லை. கட்டுப்பாட்டுப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. இன்னொன்று. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு இவற்றின் பலன் வெகுவாகக் குறையும். சில பூஞ்சைக்காளான் மருந்துகளோடு சேர்ந்தால் அளவுக்கு மிஞ்சி ஏறும். பெட்டியில் வருகிற மாத்திரைக்கு, அம்மா வேறென்ன சாப்பிடுகிறார் என்பது தெரியுமா?

நன்மையின் அளவு

நன்மையையும் நேர்மையாக நிறுத்துப் பார்ப்போம். 2012-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வு, சோல்பிடெம் வகை மாத்திரைகளை வெறும் மாவு மாத்திரையோடு ஒப்பிட்டது. தூக்கம் பிடிக்கும் நேரம் சராசரியாக 22 நிமிடம் குறைந்தது. அவ்வளவுதான். பெரிய துக்கத்தில் இருப்பவருக்கும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கும் அந்த 22 நிமிடம் பெரிதுதான். சில நாட்களுக்கு மருத்துவர் அதைக் கொடுப்பது இரக்கமான செயல். வருஷக்கணக்கில் ஒருவர் அதற்காக என்ன விலை கொடுக்கிறார் என்பதே கேள்வி.

அதே இதழில் 2005-ல் வெளியான இன்னொரு ஆய்வு நம்மைப் போன்ற மூத்தவர்களுக்கானது. 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் நடந்த 24 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 13 பேருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால், அதனால் ஒருவருக்குத் தூக்கம் மேம்பட்டது. 6 பேருக்குக் கொடுத்தால், அதனால் ஒருவருக்குத் தீங்கு ஏதாவது நேர்ந்தது. தலைசுற்றல், தள்ளாட்டம், மறதி, பகல் சோர்வு போன்றவை. இவை அன்று புழக்கத்தில் இருந்த மருந்துகளைப் பற்றிய கணக்கு. புதிய மருந்துகளுக்கு இதே கணக்கு வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வயது ஏற ஏறத் தராசின் எந்தத் தட்டு இறங்குகிறது என்பதை இது காட்டுகிறது.

சென்னை மகனுடைய தகப்பனார்

அந்தத் தகப்பனார் அனுமதி கொடுத்ததால், பெயரைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லுகிறோம். மனைவி மரித்த துக்கத்தில் தூக்கம் வராமல் தொடங்கிய மாத்திரை அது. அன்று கொடுத்தது சரியே. ஆனால் நிறுத்த வேண்டிய தேதியை ஒருவரும் எழுதவில்லை. பழைய சீட்டைக் காட்டி வாங்கி வாங்கி, ஒன்று இரண்டாயிற்று. ஓர் இரவு பாத்ரூமுக்கு எழுந்தவர் நிலைப்படி தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து நம்மிடம் வந்தார். எலும்பு வார்டில் இப்படி வருகிற முதியவர்களிடம், "ராத்திரிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?" என்று நமது மருத்துவர்கள் முதலாவதாகக் கேட்பது இதனால்தான்.

அறுவை சிகிச்சை முடிந்தபின் டாக்டர் அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவில்லை. அப்படி நிறுத்துவது ஆபத்து. பல நாள் சாப்பிட்டவர்களுக்கு நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்பே வரும். ஆகையால் கால் மாத்திரை, கால் மாத்திரையாக, வாரக்கணக்கில் குறைத்து வருகிறார். ஒவ்வொரு குறைப்புக்குப் பின்னும் சில இரவுகள் கடினமாகத்தான் இருந்தன. அந்த இரவுகளில்தான் தகப்பனார் மகனுக்குப் போன் செய்து புலம்பினார். மகனுடைய கோபம் எங்களுக்குப் புரிகிறது. அது அன்பினால் வந்த கோபம்.

இன்று அவர் பாதி மாத்திரையில் நிற்கிறார். இன்னமும் மூன்று மணிக்கு விழித்துக்கொள்ளுகிறார். ஆனால் ஊன்றுகோலோடு தானாகவே நடக்கிறார். பகலில் நாற்காலியில் தலை தொங்கித் தூங்குவதில்லை. ஆலயத்தில் பிரசங்கம் முழுவதையும் விழித்திருந்து கேட்கிறதாக அவரே சொல்லிச் சிரித்தார். பிரசங்கத்துக்குத் தூங்குகிறவர்களைப் பற்றி நாங்கள் இங்கே ஒன்றும் சொல்லவில்லை.

நம் பகுதிக்குரிய எச்சரிக்கைகள்

ஒன்று: டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் இயந்திரத்துக்கு முன் நிற்கிறவர்கள், விடியற்காலையில் இருசக்கர வாகனத்தில் நெடுஞ்சாலை ஏறுகிறவர்கள், முந்தின இரவு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதை மருத்துவரிடமும் மேற்பார்வையாளரிடமும் சொல்ல வேண்டும். காலைக் கலக்கத்தில் தோல் சீவும் இயந்திரம் கையைப் பார்த்து விலகாது.

இரண்டு: குடித்துவிட்டுத் தூக்க மாத்திரை சாப்பிடவே கூடாது. டிரமடால் போன்ற பலமான வலி மருந்துகளோடு சேர்ந்தாலும் மூச்சு அடங்கிப்போகும். 2016-லேயே இதற்குக் கடும் எச்சரிக்கை வந்துவிட்டது. பலத்த குறட்டை உள்ளவர்கள் முதலாவது அந்தக் குறட்டைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

மூன்று: சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். அல்பிரசோலாம், டயாசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் முதல் ஹெச்-1 பட்டியலில் உள்ளன. கடைக்காரர் மருத்துவர் பெயரையும், நோயாளி பெயரையும், கொடுத்த அளவையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். தெரிந்தவர் என்று கெஞ்சி அந்தக் கடைக்காரரையும் சட்டத்துக்கு விரோதமாக நடக்க வைக்காதீர்கள்.

நான்கு: மிஞ்சிய மாத்திரைகளை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். மனம் உடைந்த ஒரு பிள்ளை, ஒரு மருமகள், ஒரு முதியவர் அந்த வீட்டில் இருக்கலாம். மாத்திரை ஒருவர் பொறுப்பில், பூட்டின பெட்டியில் இருக்கட்டும். உயிர் வேண்டாம் என்ற எண்ணத்தோடு யாராவது இரவில் விழித்திருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அவர்கள் அருகில் யாராவது உட்கார்ந்திருங்கள்.

மாத்திரை இல்லாத வைத்தியம்

நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் வைத்தியம் மாத்திரை அல்ல என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் அறிவித்தது. பழக்கங்களையும் எண்ணங்களையும் சீர்படுத்தும் ஆலோசனை முறையே முதலில் வர வேண்டும் என்றது. அது கேட்கச் சாதாரணமாயிருக்கும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். தூக்கம் கண்ணைக் கட்டும்போது மட்டுமே படுக்கைக்குப் போக வேண்டும். இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, தூக்கம் வரும்போது மறுபடியும் படுக்க வேண்டும். பகல் தூக்கத்தைக் குறைக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் டீயும் காப்பியும் வேண்டாம். செல்போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

ஒரே ஒரு முறை சொல்லி அனுப்பினால் யாரும் இதைச் செய்வதில்லை. வாரம் ஒருமுறை, நான்கு முதல் எட்டு வாரம் வரை, யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும், குறித்துக்கொள்ள வேண்டும், தைரியப்படுத்த வேண்டும். மாத்திரை எழுத ஒரு நிமிடம் போதும். இதற்கு ஒரு மனுஷருடைய நேரம் வேண்டும். நீங்கள் அனுப்புகிற காணிக்கையில் ஒரு பங்கு இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத நேரத்துக்குச் செலவாகிறது. கட்டடத்தைப் போல அதைப் புகைப்படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப எங்களால் முடிவதில்லை.

விசுவாசி சாப்பிடலாமா?

கடைசியாக அந்த ஒரு வரிக் கடிதம். எலியா தீர்க்கதரிசி சூரைச் செடியின் கீழ் படுத்து, இனி வாழ வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட வேளையை நினைத்துப் பாருங்கள். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. முதலாவது தூங்க விட்டார். தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டார். பேச வேண்டியதையெல்லாம் அதன் பிறகே பேசினார். களைத்துப்போன சரீரத்தின் தேவையைத் தேவன் அற்பமாக எண்ணவில்லை.

ஆகவே மருத்துவர் ஆராய்ந்து, சில நாளுக்கென்று கொடுக்கிற மாத்திரையை ஸ்தோத்திரத்தோடு சாப்பிடலாம். அதனால் விசுவாசம் குறைந்துபோவதில்லை. மனச்சோர்வுக்கு வைத்தியம் பெறுகிறவரிடம், "ஜெபித்தால் போதும், மாத்திரையைத் தூக்கிப் போடு" என்று சபையில் யாரும் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னவர் அந்த நோயாளியின் அடுத்த இரவுக்கு உத்தரவாதி ஆகமாட்டார். அதே சமயத்தில் எலியாவின் அருகில் தூதன் ஒருவன் நின்றான் என்பதையும் மறக்க வேண்டாம். அடையைக் கீழே வைத்துவிட்டு அவன் போய்விடவில்லை. இரண்டாம் முறையும் வந்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

மருத்துவர் தூக்க மாத்திரை எழுதினால், உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தூக்கம் கெட்டதற்குக் காரணம் என்ன? எத்தனை நாளைக்கு? எந்தத் தேதியில் திரும்ப வந்து காட்ட வேண்டும்? ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா? சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். நிறுத்தும் தேதியைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்கமாட்டார்.

வெளிநாட்டிலிருக்கும் அந்த அருமை மகளுக்கு நாங்கள் எழுதிய பதில் இதுவே: "அம்மா, மாத்திரையை அனுப்பாதேயுங்கள். உங்கள் தாயாரை நமது மருத்துவமனைக்கு ஒருமுறை அழைத்துவர ஏற்பாடு செய்யுங்கள். சர்க்கரையையும் தைராய்டையும் பார்ப்போம். புதிய மருந்து அவருக்கு ஏற்றது என்று டாக்டர் கண்டால், அவரே அதைச் சொல்லுவார். அதுவரை, இரவு படுக்கப்போகும் வேளையில் நீங்கள் தினமும் போன் செய்து ஐந்து நிமிடம் பேசுங்கள்." அவர் பதில் எழுதியிருக்கிறார். நாள்தோறும் பேசுகிறாராம். அடுத்த வாரம் தாயார் பரிசோதனைக்கு வருகிறார். சர்க்கரையோ, தனிமையோ, வேறெதுவோ, என்ன காரணம் என்பது பார்த்த பின்பே தெரியும். அவருக்காகவும், பாதி மாத்திரையில் நிற்கிற அந்தத் தகப்பனாருக்காகவும், இரவுப் பணியில் விழித்திருக்கிற நமது செவிலியருக்காகவும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.

இளைப்பாறுதலைக் கொடுக்கிற தேவன், இந்த இரவிலும் வரும் இரவுகளிலும் உங்கள் வீடுகளுக்குச் சமாதானமுள்ள நித்திரையைக் கட்டளையிடுவாராக. ஆமென்.